நிலாவுக்குப் போன உறைமோர்

ஒரு ஊர்ல ஒரு... அட, அதை ஊர்னு எப்படிச் சொல்ல? மொத்தமே ஒன்பது வீடு. மேல மேகம் கிடையாது, வெளிய போனா மூச்சு விடக் காத்துகூடக் கிடையாது. எங்க இருக்கு தெரியுமா அந்த இடம்? நிலாவுல. இந்தா, ஜன்னல் வழியாத் தெரியுதே, அதேதான். அதோட அடிவயித்துப் பக்கமா, ஒரு பெரிய மலைக்குக் கீழ, கண்ணாடிச் சட்டியைக் கவுத்து வச்ச மாதிரி ஒரு கொட்டாய். அதுக்குள்ள ஒன்பது வீடு, ஒரு துண்டு நெல்வயல், ஒரு முருங்கைமரம், ஒரே ஒரு மாடு.

"நிலாவுல ஏது மாடு?"

இருந்துச்சு, கண்ணு. கடைசி ராக்கெட்டுல ஏத்தி அனுப்பினாங்க. அங்க எல்லாமே எடை கம்மில்லா, மாடு வாலை வேகமா ஆட்டினாலே தரையை விட்டுக் கிளம்பிரும். அதுக்காக வயித்துல ரெண்டு பக்கமும் மணல் மூட்டை கட்டி விட்டிருந்தாங்க. பால் கறந்தா சர்ர் சர்ர்னு விழாது. ச...ர்...ர்னு யோசிச்சு யோசிச்சு விழும். ம் சொல்லு.

"ம்."

அந்த ஒன்பது வீட்டுல ஒரு வீட்டுல செண்பகவடிவுன்னு ஒருத்தி இருந்தா. அம்பத்தெட்டு வயசு. நல்ல சாமி பக்தி. கீழ, நம்ம பூமியில இருந்தப்போ அவளுக்கு முட்டி ரெண்டும் போச்சு. உக்காந்தா எந்திரிக்க முடியாது, எந்திரிச்சா உக்கார முடியாது. கோயிலுக்குப் போனா எல்லாரும் படியேறி உள்ள போய்ச் சாமி பார்ப்பாங்க. இவ படிக்குக் கீழயே நின்னு, அத்தனை பேரு செருப்புக்கும் காவல் இருந்து, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டுத் திரும்பிருவா. பதினோரு வருஷம் அப்படியே போச்சு. அப்புறம் அவ வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்கு நிலாவுல மோட்டார் ரிப்பேர் பார்க்குற வேலை கிடைச்சுது. இவளும் கூடப் போனா. ராக்கெட் புஸ்ஸ்ஸ்னு இறங்குச்சு. கதவு திறந்துச்சு. செண்பகவடிவு பயந்துகிட்டே ஒரு கால் எடுத்து வச்சா. டொய்ங்! ஒரு ஆள் உயரத்துக்கு மேல போயிட்டு, பூ உதிர்ற மாதிரி மெதுவா வந்து இறங்கினா. முட்டியைத் தொட்டுப் பார்த்தா. அமுக்கிப் பார்த்தா. வலி இல்ல.

அன்னைக்கே கொட்டாய்க்கு நடுவுல ஒரு கல்லை நட்டா, மஞ்சளைத் தடவினா, "தாயே, இனிமே நீ இங்கதான், நானும் இங்கதான்"னு சொல்லிட்டு அதைச் சுத்தி நூத்தியெட்டுச் சுத்து வந்தா. டொய்ங், டொய்ங், டொய்ங்னு. பார்த்துக்கிட்டிருந்த இளவட்டப் பயலுக எல்லாம் தலைசுத்தி உக்காந்துட்டானுக. அவ உக்காரல.

இப்படி ஒரு வருஷம் போச்சு. அப்போ ஒரு நாள் பூமியில இருந்து பெரிய ஆபீசர் ஸ்பீக்கர்ல பேசினார்.

"எல்லாரும் கேளுங்க. மாசா மாசம் அரிசி, பருப்பு, தயிர் பாக்கெட்னு அனுப்பி அனுப்பி எங்களுக்குக் கை ஓஞ்சு போச்சு. நிலாவுல மனுஷன் சொந்தக் கால்ல நிக்க முடியுமா முடியாதான்னு இப்பப் பார்த்துருவோம். இன்னையில இருந்து ஒரு மாசம். தண்ணி, காத்து, சோறு, மூணையும் நீங்களே உண்டாக்கிக்கணும். முடியலன்னா சுவத்துல சிவப்பு பட்டன் இருக்கு, அமுக்குங்க, கப்பல் வரும். ஆனா ஒண்ணு. ஒரு சிட்டிகை உப்புக்காக அமுக்கினாலும் சரி, வந்த கப்பல்ல ஒன்பது வீடும் ஏறிரணும். நிலாவை இழுத்துப் பூட்டிருவோம்."

செண்பகவடிவு முட்டியைத் தடவிக்கிட்டா. கப்பல் வந்தா திரும்பவும் படிக்குக் கீழதான், திரும்பவும் செருப்புக்குக் காவல்தான். எவன் அந்தப் பட்டனை அமுக்குறான்னு பார்க்கிறேன்னு முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டா.

முதல்ல தண்ணிக்குச் சோதனை வந்துச்சு. அங்க ஆறு குளம் ஏது? எல்லாரும் விடுற மூச்சு, சிந்துற வேர்வை, அத்தனையும் உறிஞ்சித் திரும்பவும் தண்ணியாக்குற ஒரு மிஷின் இருந்துச்சு. அதுல நிலா மண்ணு போய் அடைச்சுக்கிட்டுது. கடகடகட... டொக்! நின்னு போச்சு. ஆவுடையப்பன் ஸ்பேனரும் கையுமா மூணு நாள் அதுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுக் கிடந்தார். அப்போ செண்பகவடிவு பார்த்தா, வெயில் படாத பக்கத்துக் கண்ணாடி, இட்லிச் சட்டி மூடி மாதிரி உள்பக்கம் வேர்த்து நிக்குது. உடனே ஒன்பது வீட்டு வேட்டியையும் சேலையையும் வாங்கினா. கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பிழிஞ்சா. சொட்டு, சொட்டு, சளக். குடம் நிறைஞ்சு போச்சு.

ஆவுடையப்பன் மூஞ்சியைச் சுளிச்சார். "என் வேட்டியைப் பிழிஞ்ச தண்ணியையா நான் குடிக்கணும்?"

"உங்க வேர்வைதான? பக்கத்து வீட்டுக்காரரோடதா? குடிங்க."

குடிச்சார். நாலாம் நாள் மிஷினும் ஓடுச்சு. அப்புறம் காத்துக்குச் சோதனை வந்துச்சு. ம்?

"ம்."

அந்த முருங்கைமரம் இருக்கே, கீழன்னா முருங்கைக் கொப்பு தொட்டா ஒடிஞ்சிரும். நிலாவுல எடையே இல்லியா, ஒடியவே ஒடியாம கண்ணாடிக் கூரை வரைக்கும் காடா வளர்ந்து நின்னுச்சு. ஒன்பது வீட்டுக்கும் மூச்சுக்காத்து அந்த மரத்து இலைதான் கொடுக்குது. ஒரு நாள் சுவத்துல மணி அடிச்சுது. ட்ர்ர்ரிங்! காத்து குறையுது, காத்து குறையுதுன்னு. எல்லாரும் மேல பார்த்தா மரம் மொட்டையா நிக்குது. கீழ பார்த்தா ஒன்பது வீட்டு அடுப்படியிலயும் முருங்கைக்கீரைப் பொரியல். கீழ இருந்து காய்கறி வரலியேன்னு ஆளாளுக்குப் பறிச்சிருக்காங்க. காத்தைப் பொரியல் பண்ணித் தின்னுட்டாங்க!

செண்பகவடிவு ஒரு கம்பை எடுத்துக்கிட்டு மரத்தடியில உக்காந்தா. "இனி இந்த இலையில கை வச்சா கையில அடி"ன்னா. யாரும் ஓடாம ஆடாம, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே படுத்துக் கிடந்தாங்க. அஞ்சாம் நாள் கொப்புக் கொப்பாத் துளிர் விட்டுச்சு. மணி நின்னுச்சு.

ரெண்டு சோதனை தாண்டியாச்சு. மூணாவது இருக்கே, அதுதான் பெருசு. அது யாரால வந்துச்சு தெரியுமா? செண்பகவடிவாலயேதான் வந்துச்சு.

நிலாவுல பொழுது விடிஞ்சா பதினாலு நாள் பகல். பொழுது சாஞ்சா பதினாலு நாள் ராத்திரி. ஆபீசர் முதல்லயே ஒரு கடியாரம் கொடுத்து, "வெளிய பார்க்காதீங்க, இதுல ஆறு அடிச்சா விடிஞ்சுது, திரும்ப ஆறு அடிச்சா ராத்திரி, அப்படி வச்சுக்கோங்க"ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தார். செண்பகவடிவுதான் கேக்கல. "கடியாரத்துக்கா விளக்கு வைப்பாங்க? பொழுதுக்குத்தான் வைக்கணும்"னுட்டா. தீ மூட்டினா காத்தைத் தின்னுரும்னு கரண்ட் அடுப்பு, பேட்டரி குத்துவிளக்கு. பொழுது சாஞ்சதும் டிக்னு போடுவா. திரும்பப் பொழுது விடியிற வரைக்கும், பதினாலு நாளும், அது எரியும்.

விளக்கு வச்சாச்சுன்னா சட்டம் சட்டம்தான். வீடு பெருக்கக் கூடாது, நகம் வெட்டக் கூடாது, வாசல்ல நின்னு தலை வாரக் கூடாது. உப்பு, ஊசி, உறைமோர் மூணும் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. நம்ம வீட்டுல ஒரு ராத்திரிக்கு இருக்கோம், சரி. அவங்க மாசத்துல பாதி நாள் இப்படி இருந்தாங்க! விடியும்போது ஒவ்வொருத்தருக்கும் நகம் கோழிக்கால் மாதிரி இருக்கும், வீட்டுக்குள்ள குப்பை கணுக்கால் வரைக்கும் நிக்கும். ஆனா ஒருத்தரும் குறை சொன்னதில்ல. தயிர் பாக்கெட்தான் கீழ இருந்து வந்துக்கிட்டிருந்துச்சே.

இப்போ பாக்கெட் இல்ல. மாடு இருக்கு, பால் இருக்கு. பொழுது சாஞ்சுது. டிக். விளக்கு வச்சாச்சு. வெளிய குளிர்னா குளிர், கண்ணாடியெல்லாம் நடுங்குது. கடியாரக் கணக்குல ரெண்டாம் நாள் காலையில செண்பகவடிவு தயிர்ச்சட்டியைத் திறந்தா, பால் பாலாவே இருக்கு. உறைமோர் செத்துப் போச்சு. அடுத்த வீட்டுலயும் செத்துப் போச்சு. எட்டு வீட்டுலயும் போச்சு. ஒரே ஒரு வீட்டுலதான் உசிரோட இருந்துச்சு. அது உலகம்மாள் வீடு.

உலகம்மாள் யாரு? ஆவுடையப்பனோட கூடப்பிறந்த அக்கா, செண்பகவடிவுக்கு மதினி. மாட்டைப் பார்த்துக்கிறது அவதான். அதனால உறைமோர்த் தூக்குச்சட்டியை மாட்டோட வயித்துச் சூட்டுல அணைச்சு வச்சிருந்தா. செண்பகவடிவு டம்ளரை எடுத்துக்கிட்டு டொய்ங் டொய்ங்னு போனா.

"மதினி, ஒரு கரண்டி உறை ஊத்துங்க."

"விளக்கு வச்சாச்சேட்டி."

"தெரியும் மதினி. அப்போ எப்பத் தருவீங்க?"

"விடிஞ்சதும் வா."

"விடிய இன்னும் பன்னெண்டு நாள் கிடக்கு!"

"கிடக்கட்டும். பன்னெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க மாட்டியோ? சட்டம் போட்டது நீதான?"

செண்பகவடிவு நீட்டின டம்ளரைக் கீழ இறக்கினா. உலகம்மாள் குரலைத் தாழ்த்திக்கிட்டா. "கஞ்சத்தனம்னு நினைக்காதட்டி. கீழ இருக்கும்போது ஒரு தரம், பாவமேன்னு விளக்கு வச்சப்புறம் ஒரு கரண்டி கொடுத்துட்டேன். விடிஞ்சு பார்க்கிறேன், எங்க மாடு கால் நீட்டிக் கிடக்கு. இங்க நிலாவுக்கே மாடு ஒண்ணுதான். அதுக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன், என்னை வற்புறுத்தாத."

செண்பகவடிவு வெறும் டம்ளரோட திரும்பி வந்துட்டா.

ஆம்பளைங்க ரெண்டு நாள் தாங்கினாங்க. மோர் இல்லாம சோறு எப்படி முடியும்? குழம்புச் சோத்தோட எந்திரிச்சா சாப்பிட்டு முடிச்ச மாதிரியே இல்ல, கையும் கழுவ மனசில்லாம தட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. செண்பகவடிவு பாலுல புளித்தண்ணி விட்டுப் பார்த்தா. பொத்துனு திரிஞ்சு போச்சு. மிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைக்கலாம்னா, தொட்டியில வச்ச மிளகாய்ச் செடி இன்னும் பூக்கவே இல்ல.

ஆவுடையப்பன் மெதுவா எந்திரிச்சு சிவப்பு பட்டன்கிட்ட போனார். செண்பகவடிவு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. ரெண்டாம் தடவையும் போனார். இவ ஓடிப்போய்ப் பட்டனை மறைச்சு முதுகை வச்சு உக்காந்துக்கிட்டா. கீழ பூமியிலன்னா அவ உக்காந்த இடத்துல இருந்து அவளை அசைக்க நாலு ஆள் வேணும். நிலாவுல என்னாச்சு? ஆவுடையப்பன் ரெண்டு விரலால இடுப்பைப் பிடிச்சுத் தூக்கி, பூந்தொட்டி மாதிரி ஓரமா வச்சுட்டார்!

"ஏங்க, கப்பல் வந்தா என் முட்டி என்னாகும்? நினைச்சுப் பார்த்தீங்களா?"

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டார். "தெரியும்ட்டி. ஆனா எட்டு வீட்டு ஆம்பளையும் என் மூஞ்சியைப் பார்க்கிறான். நாளைக்குச் சாப்பாட்டு மணி வரைக்கும் பொறுக்கச் சொல்றேன். அதுக்கு மேல என்னால முடியாது."

செண்பகவடிவு மஞ்சள் தடவின கல்லுக்கு முன்னாடி போய் உக்காந்தா. கண்ணை மூடி, "தாயே, நான் போட்ட முடிச்சு என்னால அவுக்க முடியல. நீ பாரு"ன்னா. வேற ஒண்ணும் கேக்கல. கண்ணைத் திறந்தா, கண்ணாடிக்கு வெளிய கன்னங்கரேல்னு இருட்டு. அந்த இருட்டுக்குள்ள, உசரத்துல, ஒரு துண்டு மட்டும் தகதகன்னு மின்னுது. என்னது? மலையோட தலை! கீழ பள்ளத்துலதான் ராத்திரி. அம்புட்டு உசரத்துல இன்னும் வெயில் அடிச்சுக்கிட்டிருக்கு.

டொய்ங் டொய்ங் டொய்ங்! மதினி வீட்டு வாசல்ல போய் நின்னா.

"மதினி! மலை மேல இன்னும் பொழுது சாயல! அங்க வச்சுக் கொடுங்க, பகல்ல கொடுத்த மாதிரிதான?"

உலகம்மாள் எட்டிப் பார்த்தா. தாடையைத் தடவி ரொம்ப நேரம் யோசிச்சா. "பகல்ல கொடுக்கலாம். தப்பில்ல. ஆனா கொடுக்கிறவ கையால கொடுக்கணும். நான் எப்படிட்டி அந்த மலையில ஏற? எனக்கு ரெண்டு எட்டு வச்சா மூச்சு வாங்குமே."

"நான் தூக்கிட்டுப் போறேன்."

கேட்டியா கண்ணு? நாலு படி ஏற முடியாதவ, மலையே ஏறப் போறா, மதினியையும் சுமந்துக்கிட்டு! தூங்கிட்டியா?

"இல்ல... ம்."

ரெண்டு பேரும் காத்து அடைச்ச பெரிய சட்டையை மாட்டிக்கிட்டாங்க, தலைக்குக் கண்ணாடிக் குண்டானையும் மாட்டிக்கிட்டாங்க. உறைமோர் மொத்தமே ஒண்ணரைக் கரண்டிதான் மிச்சம். "பிரிச்சா ரெண்டும் உறையாது, முழுசா வச்சு உறை ஊத்திட்டு எனக்கு ஒரு கரண்டி திருப்பித் தா"ன்னு சொல்லி, தூக்குச்சட்டியைச் சட்டைக்குள்ள சூட்டோட சூடா வச்சுக்கிட்டா உலகம்மாள். செண்பகவடிவு அவளை உப்புமூட்டை தூக்கிக்கிட்டா. பஞ்சுமூட்டை மாதிரிதான் இருந்துச்சு. டொய்ங்... டொய்ங்... ஒரு தாவலுக்கு ஒரு பாறை.

எடை இல்லாட்டி என்ன, வாய் இருக்கே! குண்டானுக்குள்ள ஸ்பீக்கர் வச்சிருக்கு. மதினி பேசுறது நேரா செண்பகவடிவு காதுக்குள்ள கேக்குது. காதைப் பொத்தவும் முடியாது.

"மெதுவாட்டி! நான் என்ன மூட்டையா?"

"மூட்டைன்னா பேசாம வரும் மதினி."

"கல்யாணத்தன்னைக்கே சொன்னேன், இந்தப் பொண்ணுக்குக் குதிக்கிற கால்னு. என் தம்பி கேட்டானா?"

"அன்னைக்கு எங்க குதிச்சேன்? பட்டுச்சேலை தடுக்கிச்சு. கெட்டியாப் பிடிங்க, பள்ளம் வருது."

"எம்மாஆஆ!"

டொய்ய்ய்ங்! தாண்டியாச்சு. ஆனா இவ ஒரு அடி ஏறினா வெயிலும் ஒரு அடி மேல ஏறுது. உச்சியில தகதகன்னு இருந்தது சுருங்கிச் சுருங்கி, வாழையிலை அகலமாச்சு, அப்புறம் வெத்தலை அகலமாச்சு. செண்பகவடிவு "தாயே, தாயே"ன்னு தாவினா. கடைசிப் பாறை. அதுக்கு மேல ஏற இடமே இல்ல. வெயில் ரெண்டு பேரு கையிலயும் வந்து விழுந்துச்சு.

உலகம்மாள் தூக்குச்சட்டியை வெளிய எடுத்தா. மூடியைத் திறக்கப் போனா.

"திறக்காதீங்க! காத்து இல்லாத இடம், மோர் கொதிச்சுப் பறந்துரும். சட்டியோட தாங்க."

சட்டியை நீட்டினா. நீட்டின கையைத் திரும்ப இழுத்துக்கிட்டா. "ஏட்டி, நிசமா இது பகல்தான? மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"பின்னாடி பாருங்க மதினி. உங்க நிழல் விழுது. ராத்திரியில நிழல் விழுமா?"

உலகம்மாள் திரும்பிப் பார்த்தா. நீ...ளமா, மலையில பாதி தூரத்துக்கு, கண்ணாடிக் குண்டானோட அவ நிழல் கிடந்துச்சு. அதைப் பார்த்ததும் சட்டியைச் செண்பகவடிவு கையில வச்சா. வச்ச மறு நிமிஷம் வெயில் அணைஞ்சு போச்சு.

கீழ வந்ததும் செண்பகவடிவு பாலைக் காய்ச்சி, ஆற வச்சு, பெரிய பானையில ஊத்தி, உறைமோரை முழுசா விட்டா. போர்வையால சுத்தி, மடியில வச்சு, பிள்ளையை வச்சிருக்கிற மாதிரி ஆடாம அசங்காம உக்காந்திருந்தா. சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மூடியைத் திறந்து பானையைச் சாய்ச்சுப் பார்த்தா. கட்டித் தயிர்! கத்தியால வெட்டலாம் போல!

எட்டு வீட்டுப் பெண்களும் டம்ளரோட வாசல்ல வந்து நின்னாங்க. முன்னாடி நின்னது உலகம்மாள். "என் கரண்டியைத் தா"ன்னு டம்ளரை நீட்டினா. செண்பகவடிவு கரண்டியை முக்கினா. தூக்கினா. அப்படியே நின்னா. உலகம்மாளும் அப்படியே நின்னா.

சாமிக்கு முன்னால பேட்டரி விளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. விளக்கு வச்சாச்சே! இந்த வீட்டுல இருந்தும் வெளிய போகக் கூடாதே! இப்போ நிலாவுல உலகம்மாள் வீட்டுலகூட மோர் இல்ல. மலைத்தலையும் கருத்துப் போச்சு.

ஆவுடையப்பன் வந்து பார்த்தார். நேரா பட்டன்கிட்ட போனார். விரலை நீட்டினார். விரலுக்கும் பட்டனுக்கும் நடுவுல ஒரு எறும்பு போற இடம்தான்.

"ஏங்க! நில்லுங்க!" செண்பகவடிவு கத்தினா. "வெளிய போகத்தான கூடாது? உள்ள வரலாம்ல? எல்லாரும் தட்டை எடுத்துக்கிட்டு உள்ள வந்து உக்காருங்க!"

எல்லாரும் உலகம்மாளைப் பார்த்தாங்க. அவ சொன்னாத்தான் ஆகும்னு ஒருத்தரும் அசையல. உலகம்மாளுக்கு நல்ல பசி. தாடையைத் தடவினா. இந்தத் தடவை ரொம்ப நேரம் தடவல.

"பந்தி போடுறதுக்கு விளக்கு என்ன சொல்லும்? போடு."

சரசரன்னு உக்காந்தாங்க. ஒன்பது வீடும் ஒரே வீட்டுக்குள்ள. இடம் பத்தல, நாலு பேரைக் கட்டில் மேல ஏத்தினாங்க, ரெண்டு பேரு உத்தரத்துல தொத்திக்கிட்டுச் சாப்பிட்டாங்க, எடைதான் இல்லியே. சோத்துல தயிரை விட்டுப் பிசைஞ்ச சத்தம் சளப்பு சளப்புன்னு கேக்குது. ஆவுடையப்பன் பட்டனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நாலு தடவை வாங்கிச் சாப்பிட்டார். விடியிற வரைக்கும் தினமும் அப்படித்தான். மாடும் நல்லா இருந்துச்சு.

அப்புறம் பொழுது விடிஞ்சுது. ஸ்பீக்கர் கரகரன்னுது. "ஹலோ, ஹலோ. ஒரு மாசம் முடிஞ்சு போச்சு. ஒருத்தருமே பட்டனை அமுக்கலியா? மிஷின் ஏதும் பழுதா?"ன்னு கேட்டார் ஆபீசர்.

"மிஷின் நல்லா இருக்கு சார்"னார் ஆவுடையப்பன்.

"அப்போ நீங்க அங்கயே இருக்கலாம்"னுட்டு வச்சுட்டார். அவ்வளவுதான். செண்பகவடிவு கல்லைச் சுத்தி வர ஓடினா.

சுத்தி முடிச்சுட்டு, மதினியோட தூக்குச்சட்டியைக் கழுவி, அதுல கெட்டியா உறைமோர் ஊத்திக்கிட்டுப் போய்க் கொடுத்தா. பகல்தான, கொடுக்கலாமே. உலகம்மாள் வாங்கினா. வாங்கிட்டும் உள்ள போகல. பந்தி போட்ட அன்னைக்கே அவளுக்கு ஒரு கேள்வி வந்திருந்துச்சு.

"ஏட்டி செண்பகம். நீ கேக்க வந்த அன்னைக்கு என் வீட்டுல மோர் இருந்துச்சுல்லா. அப்பவே எல்லாரும் தட்டைத் தூக்கிட்டு என் வீட்டுல வந்து சாப்பிட்டிருக்கலாமே. அதை விட்டுட்டு என்னை எதுக்கு அந்த மலைக்குத் தூக்கிட்டுப் போன?"

செண்பகவடிவு அவளைப் பார்த்தா.

"நீங்க கூப்பிடலியே மதினி."

உலகம்மாள் சட்டியை இடுப்புல இடுக்கிக்கிட்டா. அப்புறம் உள்பக்கமாத் திரும்பி, "ஏ, பெரிய உலையா வைங்க!"ன்னு சத்தம் போட்டா. "நாளைக்கு ஒன்பது வீடும் இங்கதான் சாப்பாடு!"

சாப்பிடப் போறவங்க போகட்டும், கண்ணு. நாம கை கழுவியாச்சு, சாமி கும்பிட்டாச்சு, கதையும் வயிறு நிறைஞ்சு படுத்தாச்சு. ம்?

...

சரி, சரி. ம் சொல்லாட்டியும் பரவாயில்ல. தூங்கு.